ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெளிச்சம்

போட்டோ எடுக்கப் போனால் அவர் முதலில் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நாம் உட்காரப்போகும் ஸ்டூலுக்கு மேலே, நம் தலை வருகிற உயரத்தில், வலது கையை முஷ்டியாக மடக்கி நீட்டிப் பிடிப்பார். அதை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். விரல் முட்டியில் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பார். புதிதாக வருகிறவர்கள் யாரைக் குத்தப்போகிறார் என்று மிரண்டு நிற்பார்கள். சரியாக வரவில்லை என்றால் கையை இறக்கிவிட்டு, "வெளிச்சம் சரியில்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். அதற்கு மேல் அவரிடம் பேச்சே கிடையாது.

தாயில்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருந்தது ஸ்டூடியோ. பலகையில் ஏதோ சாமி பெயர் போட்டிருந்தது. ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அது 'நாளைக்கு வா ஸ்டூடியோ'தான். கிழக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல், ஒரு மூன்று கால் ஸ்டூல், நீலத் திரை, ஒரு கறுப்புத் துணி, சட்டமடித்த ஒரு தெர்மாகோல் அட்டை. இவ்வளவுதான் அவருடைய சாமான். பிளாஷ் ஒன்று வைத்திருந்தார். அதை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் பென்ஷன் விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க வந்தார். மறுநாள் கடைசித் தேதி. வானம் மூடிக்கிடந்தது. போட்டோக்காரர் முஷ்டியை நீட்டிப் பார்த்தார், இறக்கினார், நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். கண்டக்டர் ரோட்டில் நின்றுகொண்டு பஸ்ஸில் நாற்பது பேருக்குக் கேட்கிற குரலில் திட்டித் தீர்த்தார். ஆனாலும் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போது எடுத்த படத்தைத்தான் இன்றைக்கும் அவர் மகன்கள் பெரிதாக்கி முன்னறையில் மாட்டியிருக்கிறார்கள். பாதி முகம் நிழலில் இருக்கும். வாயைத் திறந்தால் டிக்கெட் கேட்பார் என்று நினைக்கிற அளவுக்கு உயிரோடு இருக்கும்.

எங்கள் ஊர் முகங்கள் பெரும்பாலும் கறுப்பு. மற்ற ஸ்டூடியோக்களில் ஒரு டப்பா பவுடரை அப்பி, பிளாஷைப் போட்டு எங்களைச் சாம்பல் நிறத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். வெள்ளையாக விழுந்திருக்கிறோம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டுக்கொள்வோம். இவர் மேஜையில் பவுடர் டப்பாவே கிடையாது. கறுத்த முகத்துக்கு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொஞ்சமாகத்தான் காட்ட வேண்டும், மிச்சத்தை முகமே பார்த்துக்கொள்ளும் என்பார். அப்படித்தான் இருக்கும் படமும். கன்னத்து எலும்பில் எண்ணெய் மினுக்கு மாதிரி ஒரு கோடு ஓடும். இவ்வளவு நாளும் இந்த முகத்தோடா இருந்தோம் என்று தோன்றும்.

நான் அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். காலண்டரின் தலைப்பில் தகரப் பட்டி அடிக்கிற வேலை. நாள் முழுக்க லட்சுமியும் முருகனும் கையில் வந்து போவார்கள். ஒருவருக்கும் நிழல் கிடையாது. ஒரு நாள் அவரைச் சீண்டுவதற்காக, எங்கள் கம்பெனிக்கு வந்து பாருங்கள், அங்கே நிழலே இல்லாமல் எத்தனை அழகாகப் படம் போடுகிறார்கள் என்றேன். அவர் வெற்றிலையை மென்றபடியே பதில் சொன்னார்.

"அது சாமி தாயி. சாமிக்கு ஒரு பக்கம் போதும். மனுசருக்கு ரெண்டு பக்கம் வேணும்ல."

இந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன். விலக்கிலேயே எதிர்ப்புறம் ஒரு டிஜிட்டல் கடை வந்திருந்தது. இரண்டு நிமிடத்தில் எடுத்து, பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிடுவான். அக்காவுக்குப் போட்டோ தேவைப்பட்டபோது அங்கே போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். இவரிடம்தான் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். இதை எழுதும்போதும் கை ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்கிறது.

அக்கா பெயர் மாரீஸ்வரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எட்டாவதோடு நின்று பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். அப்பா இல்லாத வீட்டில் அவள்தான் எங்களுக்கு ஆம்பளை. அச்சங்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை திருப்பூரில் இருந்தார், ஒரு போட்டோ இருந்தால் அனுப்பிவிடலாம் என்றார்கள். வீட்டில் தேடினோம். அவள் தனியாக நின்று எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை. ஓட்டு அட்டைக்குப் படம் எடுக்க வந்த நாளில் வேலைக்குப் போயிருந்தாள். சித்தி மகள் கல்யாண ஆல்பத்தில் ஒன்று இருந்தது. அதில் வீடியோ லைட் கண்ணில் அடிக்கிறது என்று முகத்துக்கு நேரே கையை வைத்திருந்தாள். நெற்றியும் ஐந்து விரலும்தான் தெரிந்தன.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி வேன் அவளை விலக்கில் இறக்கிவிட்டது. நான் வயர்க்கூடையில் அவளுடைய அரக்குச் சேலையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். அது சீசன் நேரம். அவளுக்கு அந்த வாரம் அலுமினியப் பவுடர் கலக்கிற மருந்தறையில் வேலை. முகம், கழுத்து, காது மடல் எல்லாம் வெள்ளி பூசியிருந்தது. அந்தப் பவுடர் தண்ணீருக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சைக்கிள் கடைக் குழாயில் கழுவிக்கொண்டு அப்படியே மாடி ஏறினோம்.

அவர் முஷ்டியை நீட்டினார். சூரியன் மேற்கே போய்விட்டதால் ஜன்னலில் வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. ஆனாலும் அன்றைக்கு அவர் உடனே கையை இறக்கவில்லை. அக்காவை உட்கார வைத்தார். தாடையை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னலைப் பார்த்து முக்கால்வாசி திரும்பினால் இந்த முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று முடிவு பண்ணினார். பிறகு குனிந்து, ஸ்டூலின் மூன்று காலைச் சுற்றியும் சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வா, இப்போது பிளாஷ் போட்டால் பவுடர் புள்ளி புள்ளியாக மின்னும், அம்மை போட்ட முகம் மாதிரி விழும் என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் எதையும் கெஞ்சிக் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"இப்ப ஒண்ணே ஒண்ணு எடுங்கண்ணாச்சி. நல்லா இல்லாட்டி ஞாயித்துக்கெழம வேற எடுத்துக்கிடுவோம்."

"மொதப் படத்தக் கெடுக்கக் கூடாது தாயி. ரெண்டு நாள்தான், எங்க ஓடிறப் போகுது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் பேசியிருக்க வேண்டும். எனக்குத்தான் அந்த மனிதருடைய நிழலும் வெளிச்சமும் தலைக்கேறிப் போயிருந்ததே. அண்ணாச்சி சொல்வதுதான் சரி, வா போவோம் என்றேன். போதாதற்கு, வெள்ளிக் கவசம் சாத்திய அம்மன் மாதிரி இருக்கிறாய், இந்தப் போட்டோவை அனுப்பினால் மாப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொள்வார் என்று கேலியும் பண்ணினேன். அவளும் சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போய் அந்தச் சேலையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்குப் போன் வந்தது. எங்கள் பக்கத்தில் வெடித்த சத்தம் கேட்டால் யாரும் அழ மாட்டார்கள். முதலில் புகை எந்தத் திசையில் கிளம்புகிறது என்று பார்ப்பார்கள். அந்தத் திசையில் வேலை பார்க்கிறவர்களின் வீடுகள்தான் அழத் தொடங்கும். அக்கா இருந்த அறையில் ஐந்து பேர். எங்களுக்கு முகத்தைக் காட்டவில்லை. வேப்பமரத்தடியில் வரிசையாக இருந்த தூக்குச்சட்டிகளில் பெயர் வெட்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூடியில் மாரீஸ்வரி என்று இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன். உள்ளே சோறு அப்படியே இருந்தது.

இளவட்டங்கள் சேர்ந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். அச்சடிப்பதுதான் சிவகாசிக்குத் தண்ணி பட்ட பாடாயிற்றே, மறுநாள் விடிவதற்குள் சுவரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். ஐந்து வட்டம். நான்கு வட்டத்தில் முகம் இருந்தது. ஐந்தாவது வட்டத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போட்டு, கீழே அக்கா பெயரைப் போட்டிருந்தார்கள். படம் இல்லாதவர்களுக்கு அப்படித்தான் போடுவார்கள். அம்மா பஸ் ஸ்டாப் சுவரில் அந்த விளக்கைத் தடவிக்கொண்டே நின்றாள். "எம்புள்ள மூஞ்சி எங்கத்தா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. சோறு வைத்தாலும் அதுதான், தண்ணீர் கொடுத்தாலும் அதுதான். வருகிறவர்களிடமெல்லாம் அவள் கேட்டது நஷ்டஈட்டை அல்ல, மகளுடைய முகத்தை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோக்காரர் என்ன செய்தார் என்று வெகுநாள் கழித்து அவர் மனைவி என்னிடம் சொன்னார். அக்கா பெயரை அவர் கேட்டுக்கொண்டதே இல்லையாம், போஸ்டரில் முகமும் இல்லை. காலையிலேயே நீலத் திரையைத் துவைத்துக் காயப்போட்டு மாட்டியிருக்கிறார். பத்து மணிக்கு வந்த இரண்டு பேரை, ஒரு பிள்ளைக்கு நேரம் சொல்லியிருக்கிறேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். பதினொன்றரை மணிவரை ஜன்னல் வெளிச்சம் அந்த மூன்று வட்டத்தை விட்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சைக்கிள் கடைக்காரர் மேலே ஏறி வந்துதான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

எட்டாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தெருவில் நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவரைக் கண்டதும் எனக்கு வாயில் வந்ததையெல்லாம் பேசத் தோன்றியது. பேசியும் விட்டேன். உங்கள் பிளாஷைப் பூட்டி வைத்து என்ன சாமி கும்பிட்டீர்கள் என்றேன். கேட்டுக்கொண்டு நின்றார். நான் ஓய்ந்த பிறகு, அந்த முகம் எனக்கு அச்சடித்த மாதிரி ஞாபகம் இருக்கிறது, உன் முகத்தில் முக்கால்வாசி அவள் இருக்கிறாள், மிச்சத்தை நிழலை வைத்துச் சரிபண்ணிவிடலாம், நாளை பத்து மணிக்கு அவள் சேலையைக் கட்டிக்கொண்டு வா என்றார்.

போனேன். வேறு என்ன செய்வது? அம்மாவின் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை.

தரையில் அந்த மூன்று வட்டமும் இருந்தன. அதே இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். என் முகம் அகலம், அக்காவுக்கு ஒடுங்கின முகம். அதனால் என்னை ஜன்னல் பக்கம் திருப்பி, கேமராவுக்குத் தெரிகிற கன்னத்தின் பக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார். கன்னம் நிழலுக்குள் போயிற்று. இடது புருவம் அவளுக்கு ஒரு நூல் மேலே என்று சொல்லி, தலையைக் கொஞ்சம் சாய்த்தார். தெர்மாகோலை எடுத்து மோவாயின் கீழே வெளிச்சத்தைத் தள்ளினார். நடுவில் ஒரு தடவை முஷ்டியை நீட்டினார், பார்க்காமலே இறக்கிவிட்டார். முகத்தில் தெரியும் ஒவ்வொன்றையும் அவர் எடுத்துச் சொன்னபோது, பத்து நிமிடம் பார்த்த மனிதருக்குத் தெரிந்தது பதினெட்டு வருடம் கூடப் படுத்து எழுந்த எனக்குத் தெரியவில்லையே என்று அழுகை வந்தது. அழாதே, கண் வீங்கிவிடும் என்றார்.

எல்லாம் அமைந்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவ கேட்ட மாதிரி நீ எங்கிட்ட ஒருவாட்டி கேளு தாயி."

எனக்குப் புரிந்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணு எடுங்கண்ணாச்சி" என்றேன். அவர் எடுத்தார். அப்புறம் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அவரை மன்னித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவரைவிட்டுப் போக மனம் வராமல் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே ஒன்று எடுத்திருந்தாராம் என்று அம்மாவிடம் பொய் சொல்லி, பதினாறாம் நாளைக்கு முன்னால் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் இருந்தது அக்காதான். நிழலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "என்னமோ கேக்க வந்தவ மாதிரியே பாக்காளே" என்றாள். அன்றைக்கு ஒரு கை சோறு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு முகம் எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை.

படம் சுவரில் ஏறியது. அம்மா தினமும் அதற்குக் கீழே விளக்கேற்றினாள், பூவைப் பலகையில் வைத்தாள். படத்துக்குப் பொட்டு வைக்கவில்லை, மாலை போடவில்லை. திவசத்தன்று சித்தி மாலை வாங்கி வந்தபோதுகூட அதை வாங்கிப் பலகையில் வைத்துவிட்டாள். மகள் போய்விட்டாள் என்று ஒப்புக்கொள்ள அவளால் முடியவில்லை என்றுதான் ஊரே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள், அக்கா படத்துக்கு இன்றைக்காவது ஒரு மாலை போடலாமே என்று நானே கேட்டேன். அம்மா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"உசுரோட இருக்க புள்ளைக்கு எப்படித்தா மால போடுவேன்? நீயாச்சும் நல்லா இரு."

படத்தில் இருப்பது நான் என்று பார்த்த அன்றைக்கே தெரிந்துகொண்டாளாம். பெற்றவளிடம் எங்கள் நிழலும் வெளிச்சமும் செல்லவில்லை. எனக்காகத் தெரியாததுபோலவே இத்தனை வருடம் இருந்திருக்கிறாள்.

போட்டோக்காரரோ அக்கா போன வருடத்தோடு ஆளே மாறிப்போனார். அலமாரியிலிருந்து பிளாஷ் வெளியே வந்தது. யார் எப்போது வந்தாலும் எடுத்தார். மழையில் எடுத்தார், இருட்டில் எடுத்தார். சாயங்காலம் கம்பெனி வேன் விலக்கில் நிற்கும்போது கேமராவோடு ரோட்டுக்கே இறங்கி வந்துவிடுவார். பவுடர் பூசிய முகத்தோடு இறங்குகிற பெண்களை நிறுத்தி, கூச்சப்படாதீக, ஒன்று எடுத்துக்கொள்வோம் என்பார். அடுத்த வாரம் படத்தைக் கையில் கொடுப்பார், துட்டு வாங்க மாட்டார். எல்லாம் பிளாஷ் அடித்த படங்கள். முகம் முழுக்க வெள்ளைப் புள்ளி. ஸ்டூடியோக்காரருக்குக் கைப்பக்குவம் போய்விட்டது, கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் அந்தப் பக்கத்து வீடுகளில் முகம் இல்லாத வீடு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவற்றில் சில படங்களுக்குப் பின்னாளில் மாலை விழுந்தது.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது, கல்யாணமாகி விருதுநகருக்குக் குடிபோய் நான்கைந்து வருடம் கழித்து. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போட்டோ வேண்டியிருந்தது. அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். அவர் ரொம்பவும் தளர்ந்திருந்தார். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். எப்போது தெரிந்ததாம் என்று கேட்டார். பார்த்த அன்றைக்கே என்றேன். தலையை ஆட்டினார். தன் முஷ்டியைத் தானே மடக்கிப் பார்த்து விரித்துக்கொண்டார்.

பொழுது இறங்கிவிட்டிருந்தது. கரண்டும் இல்லை. பஸ்ஸில் வந்த அலுப்பில் பிள்ளை மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் மிட்டாய்ச் சாயம். இவளை இந்தக் கோலத்தில் எடுத்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள், குளிப்பாட்டி நாளைக் காலை பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். அவர் அவசரமாகக் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"வேண்டாம் தாயி. இப்ப ஒண்ணே ஒண்ணு எடுத்துருவோம். நல்லா இல்லாட்டி நாளைக்கு வேற எடுத்துக்கிடுவோம்."

அது யாருடைய பேச்சு என்று அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தேன். மூக்கைத் துடைக்கப் போனேன், அதற்குள் எடுத்துவிட்டார்.